தோல்வியே இல்லாத சீசன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க வகை) பற்றிய உங்கள் கட்டுரையில், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி (எல்.எஸ்.யூ.) 2019 சீசனில் 15 ஆட்டங்களையும் வென்று சாம்பியன் ஆனதைப் புகழ்ந்திருந்தீர்கள். அது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ பர்ரோ என்ற ஒருவரின் சாதனைதானே? அவர் போன அடுத்த வருடமே 5 வெற்றி, 5 தோல்வி என்று அணி சரிந்துவிட்டது. இதை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பர்ரோ இல்லாமல் அந்த சீசன் இல்லை, சரி. ஆனால் அதே பர்ரோ 2018-லும் அங்கேதான் ஆடினார். அந்த வருடம் அவர் எறிந்த டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்கள்) 16. அடுத்த வருடம் 60! இடையில் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

எல்.எஸ்.யூ. காலங்காலமாகப் பந்தைச் சுமந்து ஓடி, தடுப்பாட்டத்தை நம்பி ஜெயித்த அணி. பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழக அணியிடம் அது பலிக்கவில்லை. தொடர்ந்து 8 தோல்விகள். 2018-ல் சொந்த மைதானத்திலேயே 29-0. அதன்பின் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த 29 வயது ஜோ பிரேடியைக் கூட்டி வந்தார். ஆட்களை மைதானம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, எங்கே எறிவது என்பதைப் பர்ரோவிடம் விட்டார்கள். ஊறிப்போன ஆட்டத்தை ஒரே கோடையில் கைவிட ஒரு தலைமைப் பயிற்சியாளருக்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

டெக்ஸாஸுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். எல்.எஸ்.யூ. 37-31 முன்னிலை, இரண்டரை நிமிடம்தான் பாக்கி. பந்தைத் தக்கவைக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் (டவுன்) மூன்றாவது, தேவை இன்னும் 17 யார்டு. பழைய எல்.எஸ்.யூ. என்றால் ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டு, பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்திருக்கும். இவர்கள் எறிந்தார்கள். டெக்ஸாஸ் ஆட்கள் கூட்டமாகப் பாய, பர்ரோ பின்வாங்காமல் முன்னே ஓர் அடி வைத்து, பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். அப்புறம் டெக்ஸாஸ் இன்னொரு டச்டவுன் போட்டும் 45-38 என்று தப்பித்தார்கள். முன்னிலையைக் கட்டிக் காக்க நினைத்திருந்தால் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓக்லஹோமாவுடன் அரையிறுதி நடந்த அன்று காலை, தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள் விமான விபத்தில் இறந்துபோனார். செய்தி தெரிந்தபிறகும் அவர் தன் இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்திக்கொடுத்தார். முதல் பாதியில் மட்டும் பர்ரோவுக்கு 7 டச்டவுன் பாஸ்கள். இதை எப்படி ஒருவர் கணக்கில் எழுதுவது?

அடுத்த வருடச் சரிவைச் சொன்னீர்கள். பர்ரோவோடு சேர்த்து 14 பேரை 2020 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தொழில்முறை அணிகள் அள்ளிக்கொண்டு போயின. பிரேடி கரோலினா என்ற தொழில்முறை அணிக்குப் போனார், தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட டேவ் அரண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பர்ரோவின் பாஸ்களைப் பிடித்த இன்னொருவரான ஜமார் சேஸ் அந்த வருடம் ஆடாமல் ஒதுங்கினார். ஒரே ஆள் போனதால் விழுந்த அணி இல்லை அது.

நேரம் கிடைத்தால் 2019 நவம்பரில் 46-41 என்று அலபாமாவை வென்ற ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பர்ரோவை விட்டுவிட்டு, குள்ளமான கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் பந்தோடு எப்படி ஆட்களை இழுத்துக்கொண்டே ஓடுகிறார், முன்வரிசை ஐவர் அவருக்கு எப்படி வழி திறக்கிறார்கள் என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.