கெஜட்ல பேர் மாத்தினா வீட்டு நம்பரும் சேர்ந்து ஊருக்கே தெரியும்

கரூர் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதிருக்காங்க. கல்யாண மேக்கப் பண்றாங்க. இன்ஸ்டாகிராம் பேஜ்ல அப்பா இனிஷியல், சொந்தப் பேர், ஊர் பேர் எல்லாம் வரிசையா இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல தெரியாத ஆளுங்க கால் பண்றாங்க, ஒருத்தன் தெரு முனை வரைக்கும் வந்து நின்னுட்டான். சரி, தொழிலுக்கு வேற பேர் வச்சுக்கலாம்னு ஒரு ஏஜென்ட்கிட்ட போயிருக்காங்க. அவர் "கெஜட்ல போட்டாதான்மா செல்லும், 12,000 ஆகும்"னு சொல்லி, 3,000 அட்வான்ஸும் ஆதார், டிசி ஜெராக்ஸும் வாங்கி வச்சிருக்கார். மேல போலாமா சார்னு கேக்குறாங்க.

போகாதீங்கம்மா. அந்த கெஜட்ட ஒரு தடவயாவது பிரிச்சு பாத்திருக்கீங்களா? தமிழ்நாடு அரசிதழ், ஆறாம் பகுதி, நாலாம் பிரிவு, வாரா வாரம் புதன்கிழமை வருது. அதுல எப்படி போடுவாங்கன்னா, பழைய பேர், இன்னாரோட மகள் இல்ல மனைவி, பிறந்த தேதி, சொந்த மாவட்டம், இப்ப இருக்குற கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, இனிமேல் இந்தப் பேரால் அழைக்கப்படுவார், அவ்வளவும் ஒரே பத்தியில. அத பிடிஎஃப்பா வெப்சைட்லயும் போட்டுடுறாங்க, யார் வேணா இறக்கிக்கலாம். எத மறைக்கணும்னு நெனச்சு போறீங்களோ அத அரசாங்கமே அச்சடிச்சு குடுக்குது. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது நீதிபதி உக்காந்து தீர்ப்பு எழுதுனாங்க, நம்ம ஆபீஸ்ங்க படிவத்துல இன்னும் அந்தக் கதவு எண்ண எடுக்க யாருக்கும் மனசு வரல. ஏஜென்ட் இதச் சொல்ல மாட்டார், ஏன்னா அவருக்கு அந்த 12,000ல அரசாங்கத்துக்குக் கட்டுறது ஒரு சின்ன துண்டு, மிச்சம் அவர் பை.

பாஸ்போர்ட், பேன், ஆதார் எல்லாத்துலயும் பேர் மாறணும்னு நெனக்கிறவங்களுக்குத்தான் கெஜட். உங்களுக்கு அது எதுக்கு? தொழிலுக்கு ஒரு பேர் வச்சுக்க யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். ரஜினிகாந்த்ங்கறது வீட்ல வச்ச பேர் இல்லன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். வேற பேர் சொல்லி ஒருத்தர ஏமாத்தி பணம் புடுங்குனாதான் தப்பு, பழைய தண்டனைச் சட்டம் ஐபிசி போயி 2024 ஜூலைல இருந்து அமல்ல இருக்குற புதுச் சட்டம் பிஎன்எஸ்ல 319ஆவது பிரிவுல வருது, அந்தப் பேர்ல நெஜமா ஒரு ஆள் இருக்கணும்னு கூட இல்ல, கற்பனைப் பேரா இருந்தாலும் கேஸ்தான். நீங்க ஒழுங்கா மேக்கப் போட்டுவிட்டு காசு வாங்குறீங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. அக்ரிமென்ட் ஏதாவது போட்டா மட்டும் நெஜப் பேர் (எ) தொழில் பேர்னு, அதாவது 'என்கிற'ன்னு எழுதி கையெழுத்து போடுங்க, பத்திரத்துல நம்ம ஆளுங்க காலங்காலமா எழுதுற அதே (எ) தான்.

பேர் வைக்கிறப்ப இனிஷியல் வேண்டாம், ஊர் வேண்டாம், புள்ள பேரும் வேண்டாம். அத வச்சுத்தான் தேடி வர்றானுங்க.

இப்ப நெஜமான ஓட்டை எங்கன்னா ஜிபேல. என்ன பேர் வச்சாலும் அட்வான்ஸ் போடுறப்ப உங்க பேங்க் ரெக்கார்டுல இருக்குற பேர்தான் அவங்க ஸ்க்ரீன்ல வரும். நாமளா வச்சுக்கிட்ட பேரெல்லாம் காட்டக்கூடாது, பேங்க் பேரத்தான் காட்டணும்னு, யுபிஐய நடத்துற என்பிசிஐ சொல்லி 2025 ஜூன் 30ல இருந்து அப்படித்தான். மோசடிய தடுக்கன்னு கொண்டு வந்தது, அது சரிதான், ஆனா ஒத்தையா தொழில் பண்ற பொம்பளைங்கள யாரும் யோசிக்கல. இதுக்கு வழி, கடை பேர்ல ஒரு கரன்ட் அக்கவுன்ட். உத்யம்னு சிறுதொழிலுக்கான அரசு பதிவு இருக்கு, அத போட்டு அந்த சர்டிபிகேட்டோட பேங்குக்குப் போங்க, இன்னொரு ப்ரூஃபும் கேப்பாங்க, அங்க உங்க நெஜப் பேர் இருக்கும், ஆனா பணம் போடுறவங்களுக்கு கடை பேர் மட்டும்தான் தெரியும். உத்யம் முழுக்க இலவசம். அரசு வெப்சைட் மாதிரியே ஒண்ண செஞ்சு வச்சுக்கிட்டு 2,000, 3,000 புடுங்குறவன் ஏகப்பட்ட பேர், முகவரி கடைசில ஜிஓவி டாட் இன் இருக்கான்னு பாருங்க. சர்டிபிகேட் வந்ததும் சந்தோஷத்துல ஸ்டோரில போட்டுடாதீங்க, வீட்டு அட்ரஸ் அதுலயே இருக்கு.

அடுத்து ஒருத்தர் ஜிஎஸ்டி எடுங்கம்பார். சேவைத் தொழில்ல வருஷம் 20 லட்சம் தாண்டலன்னா வேண்டாம். எடுத்தீங்கன்னா போர்ட்டல்ல அந்த நம்பர யார் தட்டினாலும் கடை பேர் பக்கத்துல உங்க நெஜப் பேரும் தொழில் பண்ற இடமும் வந்துடும். இன்னொருத்தர் டிரேட்மார்க் போட்டாதான் பாதுகாப்பும்பார், 4,500 கட்டணம், அதுக்கு மேல அவர் ஃபீஸ், அங்கயும் உரிமையாளர் பேரும் அட்ரஸும் தேடுனா கிடைக்கும். எங்க பதிஞ்சாலும் கதவு எண்ண தொங்க விடுறதுலதான் இவங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மறைக்க முடியாது, இத அழுத்தி சொல்றேன். மேக்கப்போட நிறுத்திக்கிட்டா சரி. ஆனா உங்க தொழில்ல நெறைய பேர் கொஞ்ச நாள்ல வீட்லயே காச்சுன ஹேர் ஆயில், ஹெர்பல் சோப்புன்னு பாட்டில்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சுடுறாங்க. அங்க தயாரிக்கிறவங்க பேர், முழு அட்ரஸ், புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் லேபிள்ல இருந்தே ஆகணும், 2011 பேக்கிங் விதிப்படி கட்டாயம். அழகுப் பொருள் தயாரிக்க லைசென்ஸும் வேணும். "அட்ரஸ் போடாம ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்கா, யார் பாக்குறா"ன்னு பிரின்ட் கடைக்காரன் சொல்வான், மாட்டுனா அவன் வர மாட்டான். அட்ரஸ் தெரியக்கூடாதுன்னா லைசென்ஸ் இருக்குற யூனிட்ல செஞ்சு வாங்குங்க, விக்கிறவங்க அட்ரஸுக்கு சின்னதா ஒரு ரூம் வாடகைக்கு எடுங்க. அது முடியாதுன்னா ஆயில் வேண்டாம், அவ்வளவுதான். பொருள வாங்கி தலையில தேய்க்கிறவளுக்கு யார கேக்கணும்னு தெரிஞ்சாகணும்ல, இதுல நான் அரசாங்கம் பக்கம்தான்.

போனுக்கு தனி சிம், அதுல பர்சனல் இன்ஸ்டா திறக்காதீங்க, கான்டாக்ட் சிங்க் ஆஃப். ட்ரூகாலர்ல உங்க நம்பர எடுத்து விடச் சொல்லி அவங்க சைட்லயே போடலாம். தெரு முனைக்கு வந்தவன் மேல மட்டும் பேர் மாத்துறதெல்லாம் பலிக்காது, கால் லிஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்டோட மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, பின்தொடர்றது பிஎன்எஸ் 78. மனுவுக்கு ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க, "விசாரிக்கிறோம் போங்கம்மா"ன்னு அனுப்பப் பாப்பாங்க.

ஏஜென்ட்கிட்ட இருக்குற ஆதார் ஜெராக்ஸ மொதல்ல திருப்பி வாங்குங்க. இனி யார் கேட்டாலும் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார்தான் குடுக்கணும். அந்த 3,000 வராது, கேட்டுப் பாருங்க.