திருகோணமலையில் ஆசிரியராக இருப்பவர் வலயக் கல்விப் பணிப்பாளர் ஆவது எப்படி? அந்தப் பதவியிலிருந்து பாடசாலைகளில் மாற்றம் கொண்டுவர முடியுமா?

வழி இலங்கை கல்வி நிருவாக சேவை. அதன் நுழைவு நிலையான மூன்றாம் தரத்துக்குத் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் வரலாம். ஏற்கனவே ஆசிரியராக, அதிபராக இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையும் உண்டு. பொது ஆளணியா (ஆளணி என்பது பதவிகளின் பிரிவு), கணிதம், விஞ்ஞானம் போன்ற விசேட ஆளணியா என்பதை வர்த்தமானி அறிவித்தலை வரிக்கு வரி வாசித்த பிறகே தெரிவுசெய்யுங்கள். விண்ணப்பத்தை நிறுவனத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டியிருந்தால், கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள். மேசையில் கிடந்தே காலம் கடந்துவிடும்.

மாற்றம் பற்றி: மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள். தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருப்பதால், அங்குள்ள ஆசிரியரை வலயப் பணிப்பாளர் தன் விருப்பப்படி தூரத்து வெருகலுக்கு அனுப்ப முடியாது. கையில் இருப்பவை மாகாணப் பாடசாலைகள்தான். அங்கே முதலில் பார்க்கவேண்டியது பாடவாரியான ஆசிரியர் கணக்கு. மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கணித ஆசிரியர் இருக்கமாட்டார். பதிலீடு வருமுன் ஒருவரை இடமாற்றத்துக்கு விடுவித்தால், பாதிக்கப்படுவது தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள். எந்தச் சீர்திருத்தமும் இந்த இடத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.