பள்ளியில் பாலியல் சிறுபான்மை மாணவர்கள் மீதான முன்முடிவு எப்படிக் குறையும்?

ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் போன்றோரே பாலியல் சிறுபான்மையினர். ஒரு மாணவரின் ஈர்ப்பையோ பாலின உணர்வையோ மட்டும் வைத்து, பழகிப் பார்க்காமலே அவரைத் தாழ்வாக எடைபோடுவதுதான் இங்கே முன்முடிவு. கேலிப்பெயர், தனியாக உட்கார வைப்பது, கழிப்பறையில் தொல்லை எல்லாம் அதன் விளைவுகள்.

வெறுப்பைவிட அறியாமையே இதன் பெரிய வேர். புளியமரத்தில் பேய் என்று கேட்டு வளர்ந்தவர் சுற்றிப் போவார். தினமும் அதனடியில் நடப்பவருக்கு அது வெறும் மரம்.

நல்ல சான்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஒருபாலீர்ப்புப் பெண்கள் இருவரின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுக்கொண்டார். நாற்காலியில் இருப்பவர்கள் அவ்வளவு எளிதில் செய்யாத காரியம் அது! அதன்பின் அவர் பள்ளிகளுக்குச் சொன்னவை நடைமுறைக்கு உகந்தவை: பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விளக்குவது, பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, இம்மாணவர்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர். என் பார்வையில் இந்தப் பாடம் முதலில் ஆசிரியர்களுக்கே தேவை; கேலியைக் கேட்டும் அவர்கள் சிரித்துக் கடந்தால் சுவரொட்டிகளால் பயனில்லை.

இதைப் பற்றிப் பேசினால் மற்ற பிள்ளைகளும் 'அப்படி' ஆகிவிடுவார்கள் என்பது தவறு. பேச்சைக் கேட்டு யாருடைய ஈர்ப்பும் மாறுவதில்லை.