மாலை போட்டுக் குடியை விட்டார், மூன்றாம் நாள் ஏன் அப்படி ஆனது?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பல வருஷமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றே குடியை விட்டார். மறுநாளே கை நடுக்கம். மூன்றாம் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டினார். வெல்டிங் வைப்பதுபோலக் கையை அசைத்துக்கொண்டே இருந்தார். என்னையே யாரென்று கேட்டார். சாமி குத்தம் என்று மாமியார் மந்திரிக்க அழைத்துப் போனார். கடைசியில் கொழுந்தனார் ஒரு கட்டிங் ஊற்றிய பிறகுதான் அடங்கினார். இப்போது பழையபடி குடி. "விட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்" என்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பவுடர் ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: பவுடர் வேண்டாம் சகோதரி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ராத்திரி நடந்தது என்னவென்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அது சாமி குத்தமும் இல்லை, பைத்தியமும் இல்லை. குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த மூளைக் குழப்பம். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். இல்லாத பூச்சி தெரியும், பழகிய வேலையைக் கை தானாகச் செய்யும். டிரைவராக இருந்தால் படுக்கையில் ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருப்பார்.

மது மூளையின் வேகத்தை அமுக்கும். தினமும் அமுக்க அமுக்க, மூளை ஈடுகொடுப்பதற்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் கூடின வேகம் அப்படியே மிஞ்சி நிற்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு முதல் நாளே தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். குழப்பம் அநேகமாக மூன்று, நான்காம் நாளில். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். உங்கள் கணவர் பிழைத்ததை நினைத்து நிம்மதிப்படுகிறேன், அதே சமயம் பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் மறுபடி யாராவது அவரிடம் சத்தியம் வாங்குவார்கள், அவரும் மறுபடி ஒரே நாளில் விடுவார்.

"ஒரு குவார்ட்டர்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லியில் அது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே தடவையில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உங்கள் கணவருக்கு அது தினப்படி அளவு. அதை எரித்து முடிக்கக் கல்லீரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். இப்படியே போனால் கல்லீரலில் கொழுப்பு படியும், வீங்கும், கடைசியில் தழும்பேறிச் சுருங்கும். கொழுப்பு படிந்த கட்டத்தில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். சுருங்கிய கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஆகவே ரத்தப் பரிசோதனையோடு வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

சரி, பவுடர். பெயரில்லாத அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சிலர் குடியை விட வைக்க டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையே பொடித்து ரசத்தில் கலக்கிறார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, கல்லீரலையும் இதயத்தையும் பார்த்த பிறகு டாக்டர் கொடுப்பது. தெரியாமல் உள்ளே போய், அதன் மேல் பிராந்தியும் இறங்கினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதில் இறந்தவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். அவராக இன்றே குடியை நிறுத்த வேண்டாம். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே ஒருமுறை குழப்பம் வந்தவர் என்பதால் வார்டில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அதில் கவனமாக இருங்கள். தெருமுனை கிளினிக்கில் அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். பல வருஷம் குடித்தவருக்குத் தயமின் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் பார்வை, நடை, நினைவு எல்லாம் பாதிக்கப்படலாம்.

அப்புறம், அவர் கோழை இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். விட முடியாமல் போனதற்கு அவருடைய மன உறுதி காரணமில்லை, விட்ட விதம்தான் காரணம். வார்டிலிருந்து வந்த பிறகும் மாதக்கணக்கில் ஆலோசனை தேவைப்படும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

அதற்குள் வலிப்பு வந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தாரைப்போலக் கறுப்பாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் பலர் வெட்கப்பட்டு "காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அவர் தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்ற இரண்டையும் கேட்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.