மோஜிகோவில் ஒரு கரேக் கடை

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக ஜப்பானில் ஃபுகுவோகா போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. பழைய துறைமுகம் பார்க்கலாம் என்று ரயிலேறி மோஜிகோவில் இறங்கினேன். நல்ல மழை. ஒதுங்க இடம் தேடியபோது பின்தெருவில் ஒரு சின்னக் கடை தென்பட்டது. ஏழெட்டுப் பேர் உட்காரலாம். வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அந்த அம்மா என் ஈரக் குடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, 'யாகி கரே' என்ற படத்தைக் காட்டினார். கரே என்றால் அவர்களுடைய குழம்பு, யாகி என்றால் சுட்டது. சோற்றின் மேல் கெட்டியான குழம்பு, அதன் மேல் சீஸ், நடுவில் ஒரு முட்டை. எல்லாவற்றையும் ஓவனில் சுட்டு, சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். ஓரங்களில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வாய் இனித்தது, கொஞ்சம் ஏமாற்றம்தான். பாதி சாப்பிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை.

வீட்டில் சொன்னால், "ஜப்பான் வரைக்கும் போயி குழம்புசோறா? நம்ம குழம்பைக் கெடுத்து வச்சிருக்காங்க" என்கிறார்கள். உண்மையிலேயே கெட்டுப்போன நம் குழம்புதானா அது? எப்படி அங்கே போனது? வீட்டில் செய்ய முடியுமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

யாரும் எதையும் கெடுக்கவில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். ஜப்பான்காரர்கள் நம்மிடமிருந்து நேராகக் குழம்பை வாங்கவே இல்லை. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912), மேல்நாட்டுச் சாப்பாடு என்ற பெயரில், ஆங்கிலேயர் வழியாகத்தான் அது அங்கே போய்ச் சேர்ந்தது. 1872இல் வந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் அதன் செய்முறை இருக்கிறது. ஒன்றில் தவளைக்கறி போடச் சொல்லியிருக்கிறார்கள். கோதுமை மாவைப் போட்டுக் குழம்பைக் கெட்டியாக்குவது ஆங்கிலேயர் பழக்கம், அது அப்படியே நின்றுவிட்டது. 1908இல் ஜப்பானியக் கடற்படையின் சமையல் கையேட்டில் கரேச் சோறு இடம்பிடித்தது. இன்றும் அவர்களுடைய கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கரேதான். 1923இல் யமாசாகி மினேஜிரோ என்பவர் உள்நாட்டிலேயே கறிப்பொடி தயாரித்தார். அப்புறம் மாவு, கொழுப்பு, பொடி மூன்றையும் சேர்த்து உறைய வைத்த கட்டி கடைக்கு வந்தது. 1963இல் ஆப்பிளும் தேனும் சேர்த்த 'வெர்மான்ட் கரே' வந்ததும் அது குழந்தைகளின் சாப்பாடாகவே ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் இனிப்பு அந்த வழியில் வந்தது.

ஆகவே அதை அளக்க நம் புளியையும் மிளகாயையும் தாளிப்பையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூரில் நம்மவர்கள் பலர் முதல் வாயிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நம் குழம்பு நாக்கைத் தட்டி எழுப்பும். கரே மெதுவாக வந்து உட்காரும். வெங்காயத்தைப் பொறுமையாகப் பழுப்பாகும்வரை வதக்கியிருக்கிறார்களா, சோற்றைக் கரண்டியில் எடுத்தால் குழம்பு வழியாமல் கூடவே நிற்கிறதா, கடைசி வாய்வரை அலுக்காமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் நிறுத்த முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போதே உங்கள் நாக்குக்குப் புரிந்துவிட்டது.

இந்தப் பண்டம் மோஜிகோவில் பிறந்ததற்கும் காரணம் உண்டு. 1889இல் ஏற்றுமதித் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. நிலக்கரி கப்பலேறியது, வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் வந்தன, கப்பல்களோடு மேல்நாட்டுச் சாப்பாடும் வந்தது. நீங்கள் இறங்கிய மரத்தாலான நிலையக் கட்டடம் 1914இல் கட்டியது. 1942இல் எதிர்க்கரைக்குக் கடலுக்கடியில் ரயில் சுரங்கம் திறந்ததும், அதுவரை மோஜிகோவில் இறங்கிப் படகேறியவர்கள் ஊரைத் தொடாமலே போக ஆரம்பித்தார்கள். ஊர் ஓய்ந்தது. யாகி கரே அதற்குப் பிறகு, 1950களின் நடுவுக்கும் 1960களின் நடுவுக்கும் இடையில் வந்தது. ஒரு காப்பிக்கடையில் மீந்த கரேயைச் சோற்றோடு ஓவனில் வைத்துப் பார்த்தார்கள், வாசனை நன்றாக இருந்ததால் விற்கவும் தொடங்கினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று பல கடைகளில் கிடைக்கிறது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம். பெரிய நகரத்துச் சங்கிலிக் கடைகளிலும் கரே நன்றாகவே இருக்கும், ஆனால் ஈரக் குடையை வாங்கி வைக்கும் கை அங்கே இருக்காது. அந்த மாதிரிக் கடைகளை நடத்துபவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. போகிறவர்கள் இப்போதே போய் உட்கார்ந்து சாப்பிட்டு, கிளம்பும்போது, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் விதமாக 'கோச்சிசோசாமா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை.

நம்முடைய பக்கக் குழம்பும் பின்னால் அங்கே போனது. ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பான் போன வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ், தோக்கியோவில் நகாமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பத்தாரிடம் ஒளிந்திருந்தார். பிறகு அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். 1927இல் அந்தக் கடை அவர் சொன்ன முறையில் இந்தியக் குழம்பைப் பரிமாறத் தொடங்கியது, இன்றும் விற்கிறது. இரண்டும் ஒரே நாட்டில் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒன்று மற்றதை விரட்டவில்லை.

கரேத் தட்டின் ஓரத்தில் பெரும்பாலும் சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு ஊறுகாய் வைப்பார்கள். ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைத்தண்டு, இவற்றோடு நம் தம்பட்டங்காயையும் மெல்லிசாக நறுக்கிச் சோயா சாற்றில் ஊறப்போட்டது. கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் பெயரால் வந்த ஊறுகாய். அந்த ஏழு பேரில் பென்சாய்தென் என்பவள் நம் சரஸ்வதி. அடுத்த முறை அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் நம்பாதீர்கள். ஜப்பானில் விற்கும் பல கரேக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கும், குழம்பும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கிறது. கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

சரி, வீட்டில் செய்வது. வெங்காயத்தை நிதானமாக வதக்கி, கோழியோ காளானோ போட்டுப் புரட்டி, உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்துத் தண்ணீர் விட்டு வேகவிடுங்கள். வெந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் கரேக் கட்டியை உடைத்துப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வெளிமாவு உடனே வெந்து, உள்ளே கரையாமல் திரிதிரியாக நிற்கும். முழுக்கக் கரைந்ததும் சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வையுங்கள். மீன்குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் ருசி, ஆனால் மீன்குழம்பைப் போல இரவெல்லாம் சட்டியிலேயே விடக் கூடாது. கெட்டியான குழம்பு மெதுவாகத்தான் ஆறும், அதற்குள் உள்ளே கிருமி பெருகிவிடும். அகலமான பாத்திரத்தில் மாற்றி, சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்து, சூடான சோற்றின் மேல் ஊற்றி, நடுவில் குழித்து முட்டையை உடைத்துவிட்டு, சுற்றிலும் சீஸ் தூவி, சீஸ் பொன்னிறமாகும்வரை நல்ல சூட்டில் ஓவனில் வைத்து எடுங்கள். முதல் தட்டை, கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னவருக்கே கொடுங்கள்.

அன்புடன்