மாமியாருக்காக லீவு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் குடும்ப விடுப்புக்கு அரசாங்கமே சம்பளம் தர வேண்டும் என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. டர்பன் ஃபீனிக்ஸில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வாட் 15 சதவீதம், கரண்ட் பில், கடைக்குக் காவல் என்று ஏற்கனவே மூச்சு முட்டுகிறது. இதில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தாலும், இன்னொருவரின் அப்பா படுத்துவிட்டாலும் அதற்கும் நான் கட்ட வேண்டுமா?

அப்புறம், என் ஆயா எட்டுப் பிள்ளை பெற்றார். கடைசிக் காலத்தில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வீட்டில் நாங்கள்தான் பார்த்தோம். எந்த அரசாங்கத்திடமும் போய் நிற்கவில்லை. பெற்றவர்களைப் பார்ப்பது கடமை, அதற்குச் சம்பளம் கேட்பது நமக்கு அழகா? நாளைக்கு மருமகள் மாமியாரைப் பார்ப்பதற்கும் காசு கொடுப்பார்களா? கோவிட் நேரத்தில் யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பணம் போன கதை ஊருக்கே தெரியும். அவர்கள் கையிலேயே இன்னும் பணத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்களே!

மனதில் பட்டதை எழுதினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எஸ். கே.
ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள எஸ். கே.,

கோபம் எதற்கு? கடை நடத்துகிறவர்கள் இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை. நீங்கள் எழுதியதில் சந்தோஷம்தான்.

யார் பணம் கொடுப்பது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. அந்தச் செலவு உங்கள் கல்லாவிலிருந்து போகக் கூடாது என்பதற்காகத்தான் பொது நிதி வேண்டும் என்கிறேன். இந்தியாவில் 2017-இல் பிரசவ விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். இஎஸ்ஐ காப்பீட்டுக்குள் வராதவர்களுக்கு அந்த 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில் விழுந்தது. விளைவு என்ன? புதிதாகக் கல்யாணமான பெண் நேர்காணலுக்கு வந்தால் முதலாளி மனசுக்குள் கணக்குப் போடுகிறார். ஆறு பேர் வேலை செய்யும் கடையில் அந்தக் கணக்கைப் போடாதவர் யார்? நானே கடை வைத்திருந்தால் நானும் போடுவேன். இப்படி ஆகக் கூடாது என்றுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு ஒப்பந்தம், இந்தச் செலவைத் தனி முதலாளி மீது சுமத்தாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்தது.

நம் நாட்டில் ஏற்பாடு ஏறக்குறைய அப்படித்தான். நான்கு மாதப் பிரசவ விடுப்பு சட்டப்படி உண்டு, ஆனால் அதற்கு நீங்கள் சம்பளம் தரத் தேவையில்லை. மாதாமாதம் தொழிலாளி ஒரு சதவீதமும் நீங்கள் ஒரு சதவீதமும் யுஐஎஃப்புக்குக் கட்டுகிறீர்களே, அந்தப் பணத்திலிருந்து சம்பளத்தில் 66 சதவீதம் கிடைக்கும். 2003 முதல் வீட்டு வேலை செய்பவர்களும் இதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், கையில் வருவது எவ்வளவு என்று பார்க்கும்வரை. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். வாரம் 45 மணி நேரம் வேலை செய்தால் மாதம் சுமார் 5,600. அதில் 66 சதவீதம் 3,700 ராண்ட். நாப்பியும் பால்பவுடரும் வாங்கவே அது போய்விடும், வாடகை யார் கொடுப்பது? மேலே சம்பாதிப்பவர்களுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 17,712 ராண்டுக்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் கணக்கு அந்தத் தொகைக்குத்தான். அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் 35,000 வாங்கும் நர்ஸுக்கும் மாதம் 11,700-க்குள்தான் வரும்.

ஒரு தையல் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் நான் வருடக்கணக்காக வேலை பார்த்தவள். பிரசவமான பெண்கள் ஆறு வாரம் முடிந்த மறுநாளே மெஷினில் வந்து உட்காருவார்கள். டாக்டரோ மருத்துவச்சியோ எழுதித் தராமல் அந்த ஆறு வாரத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அதனால்தான் ஆறு வாரமாவது பொறுத்தார்கள். நான்கு மாத விடுப்பு என்பது சுவரில் ஒட்டிய நோட்டீஸில்தான் இருந்தது.

அப்பாக்கள் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். 2020 ஜனவரியிலிருந்து பத்து நாள் விடுப்பு வந்தது. 2025 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்று சொல்லி, இருவரும் வேலைக்குப் போகும் பெற்றோர் நான்கு மாதத்தையும் பத்து நாளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இடைக்கால ஏற்பாடு செய்தது. சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு 36 மாத அவகாசம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் கட்டுரையே அதற்காகத்தான். பிள்ளை பெறுவதற்கு ஏதோ கொஞ்சம் இருக்கிறது. பெற்றவர்களைப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சட்டத்தில் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு மூன்று நாள் இருக்கிறது, அந்த மூன்று நாள் சம்பளத்தை முதலாளியான நீங்கள் கொடுக்க வேண்டும். எதற்கெல்லாம் கிடைக்கும் தெரியுமா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கிடைக்கும். அப்பா, அம்மா, தாத்தா, ஆயா, உடன்பிறந்தவர், கணவன், மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை இறந்துவிட்டால் கிடைக்கும். அம்மா ஸ்ட்ரோக் வந்து ஆர். கே. கான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கிடையாது. அம்மா செத்தால் லீவு, சாகக் கிடந்தால் வேலைக்கு வா. மாமியாருக்கோ செத்தாலும் கிடையாது, அந்தப் பட்டியலிலேயே அவர் இல்லை. சித்தப்பாவும் அத்தையும் இல்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தை அறிந்த எவரும் எழுதிய பட்டியல் அல்ல அது.

‘வீட்டில் நாங்கள்தான் பார்த்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘நாங்கள்’ யார், தம்பி? ஆயாவைக் குளிப்பாட்டியது யார், ராத்திரியில் துணி மாற்றியது யார்? கடையை மூடிவிட்டு நீங்கள் உட்கார்ந்தீர்களா, அல்லது உங்கள் அம்மாவோ சித்தியோ வேலையை விட்டார்களா? உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான். அந்தப் பெண் வேலையை விட்டாள், அதோடு அவள் சம்பளம் போனது, பென்ஷன் போனது. தானாக வேலையை விட்டால் யுஐஎஃப்பில் வேலையில்லாப் படியும் வராது. கடமையைச் செய்தது ஒருத்தி. அதன் விலையையும் அவளே கொடுத்தாள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அரசாங்கத்திடம் போய் நிற்கவில்லை என்பதும் பாதிதான் உண்மை. அந்தக் காலத்தில் டர்பனின் மேகசின் பேரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் நம் ஆட்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று அக்கம்பக்கமாகவே இருந்தார்கள். ஒருத்தி வேலைக்குப் போனால் கிழவியைப் பார்க்க இன்னும் நான்கு பேர் வீட்டில் இருந்தார்கள். அந்த அமைப்பைக் கலைத்தது யார்? இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய 1950-இன் குழுப் பகுதிச் சட்டம். சாட்ஸ்வர்த்திலும் பிறகு உங்கள் ஃபீனிக்ஸிலும் சின்னச் சின்ன கவுன்சில் வீடுகளைக் கட்டி, கூட்டுக் குடும்பத்தைத் துண்டு துண்டாக உட்கார வைத்தார்கள். நாம் கேட்காமலே வீட்டுக்குள் வந்து கை வைத்தது அரசாங்கம்தான். இப்போது பிள்ளைகள் ஜோபர்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மகளோ மருமகளோ. அவளும் வேலைக்குப் போகிறாள்.

வயதானவரைப் பார்ப்பது உழைப்பு என்பதை அரசு ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரமும் இன்னொருவர் துணை தேவைப்பட்டால், அரசின் உதவித்தொகை அலுவலகமான சாசா மூலம் கிராண்ட்-இன்-எய்ட் என்று தனியாக ஒரு தொகை உண்டு. 2025-இல் அது மாதம் 560 ராண்ட். நம்மில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. 560 ராண்டில் யாரும் வேலையை விட்டு வீட்டில் இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் கடிதம் இருந்தால் வருடத்தில் இரண்டு வாரம், பெற்றோர், மாமனார், மாமியார், துணைவர் யாராக இருந்தாலும் சரி, பிரசவத்துக்குக் கொடுக்கும் அதே விகிதத்தில் யுஐஎஃப்பிலிருந்து கொடுக்க வேண்டும். ஆம், மருமகளுக்கும்தான். மகன் லீவு எடுத்தால் அவனுக்கும். அவனை எடுக்க வைப்பதுதான் கஷ்டம்! உங்கள் ஆறு பேரின் மொத்தச் சம்பளம் 36,000 என்று வைத்துக்கொண்டால், இதற்காகக் கால் சதவீதம் கூட்டினாலும் உங்கள் பங்கு மாதம் 90 ராண்ட். அதைக்கூட உடனே கூட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கோவிட் வந்தபோது இந்த நிதியிலிருந்து 60 பில்லியன் ராண்டுக்கு மேல் டெர்ஸ் என்ற நிவாரணத் திட்டத்தில் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்க இருந்தது என்றால், அதற்கு முன் எவ்வளவு சும்மா சேர்ந்து கிடந்தது என்று பாருங்கள்.

அந்தப் பணம் போன கதை என்கிறீர்கள். செத்தவர் பேரிலும் ஜெயிலில் இருப்பவர் பேரிலும் கொடுத்ததை ஆடிட்டர் ஜெனரலே வெளியிட்டார், அதை மறைக்க முடியாது. அந்த அலுவலகத்தைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. பிரசவப் பணம் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிர்வாகம் மோசம் என்பதற்காக நிதியே வேண்டாம் என்றால், திருடியவனுக்கு ஒன்றும் ஆகாது. கட்டிய தொழிலாளிக்குத்தான் நஷ்டம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நீங்கள் படுத்தால், அல்லது உங்கள் மனைவி படுத்தால், கடை என்ன ஆகும்? சொந்தத் தொழில் செய்பவருக்கு யுஐஎஃப் கிடையாது. வார்விக் சந்தையில் கீரை விற்கும் அம்மாவுக்கும் கிடையாது. சம்பளத்தில் பிடித்த பணத்தை அவர்களுக்குக் கொடுப்பதும் நியாயமில்லை. அங்கேதான் வரிப் பணம் வர வேண்டும். 15 சதவீத வாட்டை அந்தக் கீரைக்கார அம்மாவும் சோப்பு வாங்கும்போதெல்லாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

விடுப்புச் சட்டத்தைத் திருத்தும்போது பாராளுமன்றக் குழு பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கும். தொழிற்சங்கங்கள் எழுதும், பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்து எழுதும். நீங்களும் எழுதுங்கள், என்னை எதிர்த்தே எழுதினாலும் சரி. ஆறு பேர் கடைக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. மாமியாரைப் பற்றி நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா