வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே மாதம் மழை தொடங்கினால் எங்கள் படுக்கையறையின் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. வருடந்தோறும் துடைத்துப் பெயின்ட் அடித்தும் பலனில்லை. அலுமாரியிலுள்ள சேலைகளிலும் வாடை ஏறிவிட்டது. ப்ளீச்சோடு வினாகிரி கலந்து துடைக்கும்படி பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, நானுஓயா

பதில்: கலக்கவே கூடாது. அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து வைத்திருக்கும் அறையில் அது கண்ணையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. சுவரின் ஒரு பகுதியை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஓர் அடிச் சதுரமான பொலித்தீன் துண்டை அதில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கத்தில், அதாவது அறையைப் பார்த்த பக்கத்தில், நீர் துளிர்த்திருந்தால் அது சமையல் ஆவியும், வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தும் துணிகளின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. உட்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் இதுவே அதிகம்: பின்புற மண்மேடு சரிந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும், கான் இலைகுப்பையால் அடைபட்டிருக்கும். அந்த மண்ணை வெட்டி அகற்றிக் கானைத் துப்புரவாக்காமல் எந்தப் பெயின்டும் நிற்காது.

பூஞ்சணத்தை உலர்ந்த நிலையில் தட்டினால் அதன் வித்துகள் அறை முழுவதும் பரவும். ஆகையால் முகக்கவசம் அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவராயின், சுரண்டி நன்கு காயவிட்டு மீண்டும் சுண்ணாம்பே அடிப்பது நல்லது. அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். வெயில் தலைகாட்டும் நாளில் (நம் பக்கத்தில் அது எப்போது என்று சொல்ல முடியாதுதான்) கதவுகளைத் திறந்து சேலைகளை வெளியே காயப்போடுங்கள்.

கேள்வி: பீங்கான் கோப்பைகளின் உட்புறத்தில் படிந்த தேயிலைக் கறையைக் கம்பிப் பஞ்சால் தேய்க்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். கம்பிப் பஞ்சு மேற்பூச்சைக் கீறிவிடும். பிறகு அந்தக் கீறல்களிலேயே கறை இன்னும் சுலபமாகத் தங்கும். ஈரத்துணியில் சிறிது அப்பச்சோடா தொட்டுத் தேய்த்தால் போதும். பொன்வரி தீட்டிய விளிம்பில் மட்டும் அதையும் படவிடாதீர்கள்.

கேள்வி: சிவப்புச் சீமெந்துத் தரையைத் தேசிக்காய்ச் சாற்றால் துடைத்தால் பளபளக்குமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: மாறாக, மங்கும். அமிலம் சீமெந்தை அரிக்கும். சவர்க்கார நீரால் கழுவி, முற்றாகக் காய்ந்த பின் மெழுகுப் பொலிஷைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்துவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.